மழை விழுந்த நாளிலிருந்து எண்ணுகிறேன்: தும்பிக் குறிப்புகள்

மே 28, சுசீந்திரம்

பள்ளி திறக்கும் முன் மகளுக்குத் தும்பி காட்டலாம் என்று குளக்கரைக்குப் போனோம். தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கிறது. சாக்கடை கலக்கும் வாய்க்கால் மேல் ஆரஞ்சு நிறத் தும்பிகள் மட்டும் சில பறந்தன. அழுக்குத் தண்ணீரையும் தாங்கும் இனம், எல்லா மாதமும் இருக்கும். வீட்டுக்குத் திரும்பினால் மதில்சுவரில் ஒன்று, சாம்பல் நிறம், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது பாறைக் குழியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும்.

“மத்ததெல்லாம் எப்பப்பா வரும்?” என்றாள். “மழை விழட்டும் மக்களே” என்றேன். முன்பெல்லாம் தேதி குறித்துக்கொண்டுதான் அலைவேன். மழை தள்ளிப்போன வருஷம் அதே தேதியில் போய், வெறும் கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மழையைத்தான் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 17, காளிகேசம்

இரண்டு நாள் மழை விட்டிருந்தது. ஓடை கலங்கலாக ஓடுகிறது, பாறைகள் பாதி மூழ்கிவிட்டன. பத்து மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்ததும் ஊசித்தட்டான்கள் வந்தன. கறுத்த சிறகு, வெயில் பட்டால் செம்புபோல் மின்னுகிறது. ஆண் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, வேறு ஆண் வந்தால் விரட்டுகிறது. மேகம் மூடியதும் எல்லாம் இலைக்கடியில் போய்விட்டன. இவற்றை நிதானமாகப் பார்க்க, தண்ணீர் தெளிந்த பிறகு வர வேண்டும்.

ஆனால் இடியோனிக்ஸ் வகைத் தும்பிகளுக்கு அந்தக் கணக்கு ஆகாது. மரகதப் பச்சைக் கண்ணோடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மரநிழலில், தென்மேற்குப் பருவமழையை ஒட்டிப் பறப்பவை அவை. அதற்காகத்தான் மழைக்காலத்திலேயே வந்தேன். இன்று கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 24, தேரூர்

கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், கதிர் முற்றி நிற்கிறது. வரப்பில் நடந்தால் காலடிக்கு ஒன்றாய் எழும்புகின்றன, கறுப்பும் வெள்ளையும் பூசிய சிறகுள்ள வயல்தும்பிகள். குளத்தோரம் மஞ்சளும் கறுப்புமாய்ச் சிறகுள்ள ஓணத்தும்பி. வண்ணத்துப்பூச்சியோ என்று ஏமாற வைக்கும். ஓணம் நெருங்குகிறது, பெயருக்கேற்ப அதுவும் வந்துவிட்டது. நடவுக்குக் கட்டிய தண்ணீரும் ஆனி ஆடி மழையும் வளர்த்த கூட்டம் இது என்பது என் கணிப்பு.

செப்டம்பர் 27

இரவு முழுக்க மழை. எங்கள் தெருக்கோடியில் மனைக்காகத் தோண்டிப் போட்ட குழி நிறைந்துவிட்டது. முதல் நாள் என்று எழுதி வைத்தேன்.

அக்டோபர் 19, நாகர்கோவில்

சாயங்காலம் மழைக்கு முன் விளையாட்டு மைதானத்தின் மேல் தும்பிகள் நூற்றுக்கணக்கில் பறந்தன. மஞ்சள் கலந்த பழுப்பு, அகலமான பின்சிறகு. மேற்கே விளவங்கோடு பக்கம் துலாத்தும்பி என்பார்கள், மலையாளத்துத் துலாம் மாதம் நமக்கு ஐப்பசி. அறிவியல் பெயர் பாண்டலா ஃபிளாவசென்ஸ்.

மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நல்ல தண்ணீர் அரிதான அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் இவை கூட்டமாய் வருவதைக் கவனித்து 2009இல் எழுதினார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்பது அவர் முடிவு. மழையைக் கொண்டுவரும் காற்று மண்டலம் தெற்கே நகர, இவையும் உயரத்தில் காற்றைப் பிடித்துக் கூடவே போகின்றன. போய்த் திரும்பும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தும்பி அத்தனையும் பறப்பதில்லை, தலைமுறை தலைமுறையாக நடக்கும் பயணம். நான் பார்த்த கூட்டத்தில் எது கடலுக்குப் போகும், எது இங்கேயே முட்டையிடும் என்று தெரியாமல் இருட்டும்வரை நின்றேன்.

“தும்பி தாந்து பறக்கு, மழை வரும்” என்று பாட்டா சொல்வார். ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 6

குழி நிறைந்து நாற்பத்தொன்றாவது நாள். மூன்று வாரமாகத் தினமும் விடியுமுன் டார்ச்சோடு குழிக்குப் போய்வருகிறேன். இன்று தண்ணீரிலிருந்து தும்பிக் குஞ்சு ஒன்று புல் தண்டில் ஏறி நின்றது. முதுகு வெடித்து, வெளிறிய உடல் மெல்லப் பின்பக்கமாய்ச் சாய்ந்து தொங்கியது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. செத்துவிட்டதோ என்று பயந்தேன். அப்புறம் ஒரு எம்பு எம்பிப் பழைய சட்டையையே பிடித்துக்கொண்டு வாலையும் உருவியது. கசங்கிய சிறகு பால்நிறத்தில் விரிந்து, வெளிச்சம் வரும்போது கண்ணாடியாகிவிட்டது. துலாத்தும்பியேதான். மகளை எழுப்பிக் கூட்டிவந்தேன். இருவருமாய் எண்ணியதில் புல்லில் 23 சட்டைகள்.

மழைக்குழி எந்நேரமும் வற்றிவிடும் என்பதால் இதன் குஞ்சு அவசரமாய் வளர்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆறேழு வாரம் போதும். அதுவரை கொசுப்புழுவும் அதற்கு இரை.

ஜனவரி 20

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் வயலில் மருந்தடித்திருக்கிறார்கள். வாய்க்காலில் தும்பிக் குஞ்சுகள் செத்து மிதந்தன. பார்க்கவே முடியவில்லை. அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னேன். “பூச்சியத் தின்ன பூச்சியும் போச்சா?” என்று அவரும் வருத்தப்பட்டார்.

தெருக்கோடிக் குழி வற்றிவிட்டது. மனைக்காரர் வைகாசிக்குப் பிறகுதான் மண்ணடிப்பாராம். சித்திரைக் கோடைமழைக்கு அது இன்னொரு முறை நிறையும்.