தட்டாமல் திறந்த கதவு: ஸ்காபரோ பேஸ்மென்டில் எங்கள் அனுபவம்

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பேஸ்மென்டில். மேலே வீட்டுக்காரரின் குடும்பம், கீழே நாங்கள். குசினியும் குளியலறையும் எங்களுக்குத் தனி. ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எங்கள் படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. பிரச்சினை அந்த அறையில்தான் தொடங்கியது.

"தங்கச்சி, ஃபில்டர் பார்க்க வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் உள்படியால் இறங்கி வருவார். ஃபர்னஸின் காற்று ஃபில்டர் மாற்றுவது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை. இவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்தார். கதவைத் தட்டுவதில்லை, கையில் சாவி. ஒரு நாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது எங்கள் குசினி அலுமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் வேலைக்குப் போயிருந்தார், பிள்ளை தூக்கம். அன்றிலிருந்து குளிக்கப் போகும்போது கதவுக்குப் பின்னால் ஒரு கதிரையை இழுத்து வைக்கத் தொடங்கினேன்.

ஏன் உடனே கேட்கவில்லை என்று பலர் கேட்டார்கள். நாங்கள் வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு, இல்லை என்று யாரும் வீடு தராதபோது நம்பித் தந்தவர் அவர். எங்கள் மெத்தையைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்து இறக்கியவர். அந்த நன்றி வாயைக் கட்டிப்போட்டது. கடைசியில் கணவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "என்ர வீட்டுக்குள்ள வர நான் ஆரைக் கேக்கவேணும்?" என்றார் அவர். நன்றி வேறு, என் வீட்டுக் கதவு வேறு என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

பூட்டை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். நல்ல காலம், அதற்கு முன் இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றுக்குப் போனோம். வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் பூட்டை மாற்றினால் பிழை எங்கள் பக்கம் வந்துவிடும் என்றார் அங்கிருந்த சட்டத்தரணி. அவர் கேட்ட முதல் கேள்வியே, குசினியோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொதுவா என்பதுதான். பொதுவாக இருந்தால் ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தாதாம். எங்களுக்குத் தனி என்பதால் பொருந்தியது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாடகை காசாகக் கொடுக்கிறோம் என்று பயந்து பயந்து சொன்னேன். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான் என்றார்.

அவர் விளக்கியது இவ்வளவுதான். திருத்த வேலைக்கோ வீட்டின் நிலையைப் பார்க்கவோ வரவேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில். தீ, தண்ணீர்க் குழாய் வெடிப்பு மாதிரி அவசரத்துக்கு அறிவித்தல் தேவையில்லை. வந்து நிற்கும்போது நாமே சரி என்று விட்டாலும் அப்படித்தான். இத்தனை நாளும் பேசாமல் ஒதுங்கி நின்றேனே என்று நெஞ்சு பதறியது.

அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். வந்த திகதி, நேரம், சொன்ன காரணம், வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்து, பிரதியை வைத்துக்கொண்டோம். பதிலுக்கு, மாத முடிவில் வீட்டை விடச் சொன்னார். இரண்டு இரவு நித்திரை இல்லை. வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது, அதற்கு உரிய படிவம் வேண்டும், தன் குடும்பத்துக்கே வீடு தேவை என்றாலும் 60 நாள் தர வேண்டும் என்று சட்டத்தரணி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்காரர் வருவது நிற்காததால், வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் லாண்ட்லோர்ட் அண்ட் ரெனன்ட் போர்டுக்கு, வாடகைக்கு இருப்பவர் தன் உரிமை பற்றி முறையிடும் ரீ2 (T2) படிவம் போட்டோம். இணையத்தில் கட்டணம் 48 டொலர். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்களுக்கு முன்பே தெரியாது. தயங்கித் தயங்கி இருந்ததில் முதல் சில மாதங்கள் கணக்கில் சேரவில்லை. அது இன்றும் எனக்குக் கவலைதான்.

விசாரணை சூம் (Zoom) வீடியோ அழைப்பில். அதற்கு முன் இரு பக்கமும் பேசித் தீர்க்கலாம் என்று சமரசத்துக்கு அழைத்தார்கள். நான் கொப்பியைத் திறந்து திகதி திகதியாக வாசித்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. இனி எழுத்தில் அறிவிக்காமல் வருவதில்லை, ஒரு மாத வாடகையில் பாதியைக் கழிப்பது என்று முடிவாகி, அது எழுத்தில் உத்தரவாக வந்தது.

அடுத்த தடவை ஃபில்டர் மாற்றும் காலம் வந்தபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவ்வாய், காலை 10 மணி, ஃபில்டர். செவ்வாய்க்கிழமை வந்து தட்டினார். நான் போய்த் திறக்கும்வரை படியிலேயே நின்றார்.