கட்டடத்துக்கு உண்டு, சம்பளத்துக்கு இல்லை

பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்றால் கையில் காசே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெங்களூரில் ஒரு லுத்தரன் திருச்சபையின் மண்டல அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் பெரும்பாலும் பணம் இருக்கும், தொடத்தான் முடியாது. ஆலயப் புதுப்பிப்பு நிதி, கல்லறைச் சுவர் நிதி, ஆராதனையில் வாசிக்கும் ஆர்கனுக்கு ஆர்கன் நிதி என்று ஒவ்வொன்றும் ஒரு பெயரோடு உட்கார்ந்திருக்கும். போதகர் சம்பளத்துக்கென்று பெயர் சொல்லி யாரும் காணிக்கைக் கவர் போடுவதில்லை.

சபைகள் அனுப்பும் பங்குத் தொகையிலிருந்துதான் சம்பளமும் ஓய்வூதியமும் போக வேண்டும். டிசம்பரில் கொட்டும், ஈஸ்டர் வரை தாங்கும். மே, ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணம். காணிக்கைப் பை இளைத்துவிடும். சபைப் பொருளாளருக்குப் போன் போட்டால், "அறுப்பின் பண்டிகை முடியட்டும் பிரதர், மொத்தமா அனுப்பிடுறேன்" என்பார். பொய்யில்லை, அவருக்கும் அதுதான் நம்பிக்கை. காணிக்கையாக வந்த விளைபொருட்களை ஏலம் விடும் அந்தப் பண்டிகையைப் பார்க்க வேண்டும். ஒரு பூசணிக்காய். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார். இன்னொருவர் எடுத்து அவரும் கொடுப்பார். ஒரே காய் ஆயிரக்கணக்கில் வசூலித்துவிடும். அதே ஆட்கள் சாயங்காலக் கமிட்டியில் ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுக்க அரைமணி நேரம் வாதாடுவார்கள்.

இதற்கு ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியில் சபை உறுப்பினரின் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு அளவுக்குத் திருச்சபை வரி உண்டு. பெரும்பாலும் அரசின் வரித்துறையே பிடித்துக் கொடுத்துவிடும். ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், சுவீடன் மிஷன் காலத்தில் இங்கேயும் அங்கிருந்து பணம் வந்தது. 'மேலே இருக்கும், பார்த்துக்கொள்வார்கள்' என்ற நினைப்பு பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வழியும் குறுகிவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு வாங்கிய தொகையை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆயிற்று.

கோலார் தங்கவயல் பக்கத்துச் சபைகளின் கதை வேறு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியதும் பிழைப்பு பெங்களூருக்கு நகர்ந்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. குடியேறிவிட்ட பிள்ளைகள் காணிக்கையை இங்கே போடுகிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அங்கே. பழைய உறுப்பினர் பட்டியலை வைத்துப் பங்கு போட்டால் நிலுவை ஏறாமல் என்ன செய்யும்?

அதனால் வரவேண்டியதை வைத்து பட்ஜெட் போடாதீர்கள், மூன்று வருடம் நிஜமாக வந்ததை வைத்துப் போடுங்கள் என்பது என் வாதம். நிதிக் குழுவில் உடனே ஒரு குரல் எழும்: "விசுவாசம் வேணாமா சார்?" விசுவாசம் காணிக்கை போடுகிறவருக்கு இருக்கட்டும், எனக்கு பாஸ்புக் போதும். அடுத்து, "ஆர்கன் நிதியிலிருந்து இப்ப எடுத்துட்டு, ஜூலையில வெச்சிடலாம்" என்ற யோசனை வரும். ஜூலையில் எங்கிருந்து வரும் என்று கேட்டால் பதில் இருக்காது.

செலவைக் குறைப்பதென்றால் பயணப்படி, பத்திரிகை அச்சுக்கூலி, கமிட்டி பிரியாணி என்று ஆரம்பிக்கலாம். பிரியாணிக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருக்கும். பி.எஃப்.பில் கை வைக்கக் கூடாது. மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

இப்போது பங்குத் தொகையை மாதாமாதம் வங்கியிலிருந்து தானாக வரும்படி எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சபைகளைக் கேட்டுவருகிறோம். சின்னச் சபைகள் சில உடனே ஒப்புக்கொண்டன. பெரிய சபை ஒன்று, அடுத்த கமிட்டியில் வைக்கிறோம் என்றிருக்கிறது.