எலி மருந்தும் மலைச்சிங்கமும்: கலபாசஸ் பக்கம் குடிவருபவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலிஸில் வேலை கிடைத்து, கலபாசஸ், அகோரா ஹில்ஸ், தௌசண்ட் ஓக்ஸ் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு லாஸ் விர்ஜினஸ் சாலைப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள சான்டா மோனிகா மலைகள்தான் மலைச்சிங்கத்தின் (பூமா என்ற பெரிய பூனையின்) வீடும். வாசல் கேமராவில் ஒரு பெரிய பூனை பதிந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் “சிறுத்தை” என்று பதற்றம் பரவும். நம் ஊர்ச் சிறுத்தை இங்கே கிடையாது. படத்தில் முதலில் வாலைப் பாருங்கள். வால் குட்டையாக இருந்தால் அது பாப்கேட் என்ற சிறிய காட்டுப்பூனை, பெரும்பாலும் ஆளை ஒன்றும் செய்யாது. உடல் முழுக்க ஒரே பழுப்பு நிறமாக, வால் தடித்து நீண்டு, நுனி கறுத்திருந்தால் மலைச்சிங்கம். மண்ணில் பதிந்த தடத்தில் நகக்குறி இருக்காது. இருந்தால் பெரும்பாலும் நாய் அல்லது கொயோட்டி (ஓநாய் இனத்துக் காட்டு விலங்கு).

வளர்ந்த ஆண் மலைச்சிங்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர் நிலம் தேவை. இந்த மலைத்தொடர் முழுவதுமே அதைவிடச் சற்றுத்தான் பெரியது. வடக்கே 101, கிழக்கே 405 என்று பெருஞ்சாலைகள் மறிக்கின்றன. தாண்டப் பார்ப்பவை காரில் அடிபடுகின்றன. தாண்டாதவை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர, மடங்கிய வாலும் கீழிறங்காத ஒரு விரையும் கொண்ட விலங்கை 2020-இல் தேசியப் பூங்கா ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அகோரா ஹில்ஸின் லிபர்ட்டி கேன்யனில் 101-க்கு மேலே விலங்குகளுக்கென்றே 2022 ஏப்ரலில் பாலம் கட்டத் தொடங்கியது இதனால்தான்.

சாலை பெரிய எமன். அதில் நம் கை அதிகம் இல்லை. எலி மருந்து அப்படியில்லை. அது நம் கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி விஷங்கள் உடலில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுக்கும். எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அதுவரை திரும்பத் திரும்பத் தின்று, உடம்பில் விஷத்தைச் சேர்த்துக்கொண்டு தள்ளாடும். அப்படித் தள்ளாடும் எலியைக் கொயோட்டியும் பாப்கேட்டும் எளிதாகப் பிடிக்கும். கொயோட்டியை மலைச்சிங்கம் தின்னும். புரோடிஃபாகும் போன்ற விஷங்கள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் வாழ்ந்த பி-22 என்ற ஆண் மலைச்சிங்கம் 2014-இல் சொறி பிடித்து, ரோமம் உதிர்ந்து கிடைத்தபோது அதன் ரத்தத்தில் எலி விஷம் இருந்தது. வைட்டமின் கே ஊசியும் சொறிமருந்தும் கொடுத்த பிறகு தேறியது. எலி விஷம் நோய் எதிர்ப்பைக் குலைப்பதை இதே மலைகளின் பாப்கேட்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

2021 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் புரோடிஃபாகும், புரோமடியலோன், டைஃபெத்தியலோன், டைஃபெனாகும் ஆகிய நான்கு எலி விஷங்களுக்கும் பெரும்பாலான உபயோகங்களில் தடை. 2024-இல் டைஃபாசினோனும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. பழைய டப்பாக்களும் கராஜ்களில் கிடக்கும். வாங்கிய வீட்டில் சுவரோரம் எலி மருந்து வைக்கும் கறுப்புப் பெட்டி இருந்தால் உள்ளே என்ன மருந்து என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சமிருக்கும் மருந்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எலி ஏன் வருகிறது? இங்கே கூரை எலி அதிகம். ஆரஞ்சைத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, தோலை மரத்திலேயே தொங்கவிடும். காக்கைக்கு வைக்கும் சோறு, பறவைத் தீனி, உதிர்ந்த பழம், மூடாத நாய்த்தட்டு எல்லாமே அதற்கு விருந்து. காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை விட மனம் வராதுதான். பகலில் ஒரு கைப்பிடி மட்டும் வைத்து, காக்கை தின்றதும் தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு பருக்கையும் வெளியே கிடக்கக் கூடாது. கூரையைத் தொடும் கிளைகளை ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெட்டுங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டையே எலிக்குப் போதும். காற்றுத் துவாரங்களுக்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை அடியுங்கள். பஞ்சு, நுரை வைத்து அடைத்தால் கடித்துவிடும்.

பிறகு அடிபொறி. பலர் முதல் இரவே விசையை ஏற்றி வைத்து, எலி சிக்கவில்லையென்று மறுநாள் மருந்துக்குப் போகிறார்கள். புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். நாலைந்து நாள் விசை ஏற்றாமல் வேர்க்கடலை வெண்ணெய் தடவி வையுங்கள். தின்னப் பழகியதும் ஏற்றுங்கள். பொறியின் தீனி முனை சுவரைத் தொடவேண்டும். ஒன்று போதாது, 3 முதல் 6 மீட்டர் இடைவெளியில் பல வையுங்கள். வெளியே வைப்பவற்றைப் பெட்டிக்குள் வையுங்கள், இல்லையென்றால் பறவையோ பக்கத்து வீட்டுப் பூனையோ அடிபடும்.

கோழியோ ஆடோ வளர்ப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் கூரையோடு கூடிய பட்டியில் அடைக்க வேண்டும். வேலி மட்டும் போதாது, மலைச்சிங்கம் எளிதில் தாண்டிவிடும். திறந்த பட்டிக்குள் இறங்கினால் ஓட வழியில்லாத ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொல்லும். மலைச்சிங்கம் 1990 முதல் இங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கு. நட்டம் நேர்ந்தால் மாநில வனவிலங்குத் துறைக்குத்தான் தெரிவிக்க வேண்டும். மானுக்குத் தீனி போடுவதும் சட்டப்படி குற்றம். மான் வந்தால் பின்னால் அதைத் தின்பதும் வரும்.

ஆளைத் தாக்குவது மிக அரிது. கலிபோர்னியாவில் 2004-க்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் ஓர் உயிர் போனது. ஆனாலும் 2024 செப்டம்பரில், கோயிலுக்குத் தெற்கே அதே சாலையில் உள்ள மாலிபு கிரீக் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுவன் தாக்கப்பட்டான். பெரியவர்கள் பாய்ந்து விரட்டியதால் பிழைத்தான். அங்கே பிள்ளைகளை முன்னே ஓடவிடாமல் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மலைச்சிங்கம் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். கண்ணைப் பார்த்தபடி, குழந்தையைக் குனியாமல் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திச் சத்தம் போட்டுப் பின்வாங்குங்கள். நெருங்கினால் கைக்குக் கிடைப்பதை எறியுங்கள். பாய்ந்தால் எதிர்த்துப் போராடுங்கள், கழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.