தோட்டக்காரர் என்று எண்ணினாள்

2017 ஏப்ரல் மாதம், உயிர்த்தெழுதல் திருநாளுக்கு அடுத்த வாரத்தில், எருசலேமின் பழைய நகரத்துக் கல் பாவிய தெருக்களில் இருட்டோடே நடந்து திருக்கல்லறைத் தேவாலயத்தின் முற்றத்தை அடைந்தோம். பின்னேரத்தில் போனால் கூட்டம் தள்ளிக்கொண்டு போகும் என்று வழிகாட்டி சொன்னது ஒரு காரணம். இயேசுவின் கல்லறைக்கு மகதலேனா மரியாள் வந்த அதே இருட்டு வேளையில் நானும் அங்கே நிற்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்த ஆசை, யாரிடமும் சொல்லாத இன்னொரு காரணம்.

நாம் கல்லறையின் பெயரால் அழைக்கும் அந்தத் தேவாலயத்தைக் கிரேக்கர்கள் 'அனஸ்தாசிஸ்' என்றும் அரபுக் கிறிஸ்தவர்கள் 'கனீசத் அல் கியாமா' என்றும் அழைக்கிறார்கள். இரண்டு பெயர்களுக்கும் உயிர்த்தெழுதலின் ஆலயம் என்றே பொருள். அந்தப் பெயர்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் பெருங்கதவின் சாவி ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும் உரிமை இன்னோர் இஸ்லாமியக் குடும்பத்துக்கு உரியது. கதவிலுள்ள சிறு திறப்பின் வழியாக உள்ளேயிருந்து ஓர் ஏணி நீட்டப்பட, அதில் ஏறி மேற்பூட்டைத் திறக்கும் அந்த வழக்கம் தலைமுறைகளாக நடந்துவருகிறது. கல்லறை வாசலின் கல்லைப் புரட்டித் தள்ளுவது யார் என்று பேசிக்கொண்டே வந்த பெண்களுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருந்ததைப்போல, எங்களுக்கும் எதிர்பாராத கைகளே வாசலைத் திறந்துவிட்டன.

உள்ளே நுழைந்ததும் எதிரில் தெரிவது, ஆண்டவரின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசிய இடத்தின் நினைவாகக் கிடத்தப்பட்டிருக்கும் செந்நிறக் கல். வலப்புறம் செங்குத்தான படிகள் சிலுவை நின்ற கொல்கொதாவுக்கு ஏறுகின்றன. ஏறி, பாறையைத் தொட்டு வணங்கி இறங்கினேன். அங்கே நெடுநேரம் நிற்க முடியவில்லை. மனம் முழுவதும் கீழே இருந்தது. சிலுவை நின்ற இடத்துக்கும் கல்லறைக்கும் இடையே ஐம்பது மீட்டர்கூட இராது என்பதை அன்றுதான் கண்ணால் உணர்ந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்குமுன் அவசரமாக அடக்கம் செய்தவர்களுக்கு இந்த இடம் ஏன் வாய்ப்பாக இருந்தது என்பது அங்கே நின்றால் எளிதாக விளங்குகிறது.

வட்ட மண்டபத்தின் நடுவே, குவிமாடத்துக்கு நேர் கீழே, கல்லறையைச் சுற்றிக் கட்டிய சிறு கோயில் நிற்கிறது. இன்று நாம் காணும் கட்டடம் 1808இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் 1810இல் எழுப்பப்பட்டது. அதற்கு முன்பு, 1009இல் கலிபா அல் ஹாக்கிமின் ஆணைப்படி கல்லறைப் பாறையையே உடைக்க முயன்றார்கள். அதற்கும் முன்பு, கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டிய முதல் ஆலயம் 335இல் அர்ப்பணிக்கப்பட்டது. இத்தனை இடிபாடுகளுக்குப் பின் அங்கே ஏதும் மிஞ்சியிருக்குமா என்று பலர் ஐயுற்றிருந்தார்கள். நாங்கள் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2016 அக்டோபரில், ஏதென்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் வல்லுநர்கள் சீரமைப்புப் பணிக்காகப் பளிங்குப் பலகையை நகர்த்தியபோது, அதன் கீழே சிலுவை பொறித்த இன்னொரு பலகையும், அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய படுக்கையும் இருந்தன. அடிப்பலகையைப் பதித்திருந்த சாந்து நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரியவந்தது. பணிகள் முடிந்து மார்ச் மாதம்தான் கல்லறை மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. புகைக்கரி நீங்கிய பளிங்கு விளக்கொளியில் துலங்கியது.

முதல் அறையில், வாசலை அடைத்த கல்லின் ஒரு துண்டு என்று மரபு சொல்லும் கல் ஒரு பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வாசல் மிகவும் தாழ்வானது. குனியாமல் எவரும் போக முடியாது. யோவான் குனிந்து பார்த்தான் என்று சுவிசேஷம் சொல்வதை எத்தனையோ முறை வாசித்திருந்தும், என் முதுகு வளைந்தபோதுதான் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டதுபோல் இருந்தது. உள்ளே மூன்று நான்கு பேருக்குத்தான் இடம். பளிங்கு மூடிய படுக்கை வலப்பக்கத்தில் இருந்தது. கல்லறைக்குள் வந்த பெண்கள் வெள்ளையங்கி தரித்த வாலிபனை வலதுபக்கத்தில் கண்டார்கள் என்று மாற்கு எழுதியது அந்தக் கணத்தில் நினைவுக்கு வர, உடல் சிலிர்த்தது. சீரமைப்பின்போது சுவர்ப் பளிங்கில் ஒரு சிறு சாளரம் வெட்டி, உள்ளிருக்கும் பாறையை யாத்திரிகர் காணும்படி விட்டிருந்தார்கள். அந்தப் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே எதுவும் இல்லை. எலும்பு இல்லை, சாம்பல் இல்லை, திருப்பண்டம் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, வரிசையில் நின்று, மண்டியிட்டு, ஒரு வெறுமையை முத்தமிட்டேன். அந்த வெறுமை என்னை அழவைத்தது, அது துக்கத்தின் அழுகை அன்று. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவை அடக்கம் செய்த நாளில் "மரணமே! உன் கூர் எங்கே?" என்று எங்கள் சபை ஐயர் வாசித்தபோது அந்தக் கூர் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே வசனத்தை இங்கே முணுமுணுத்தபோது அது கேள்வியாக இல்லை, வெற்றிப் பாட்டாக இருந்தது.

நாங்கள் திரும்பி வந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2025இல் ஒரு செய்தி வாசித்தேன். தேவாலயத்தின் தரைக்கடியில் ரோம் நகரத்து ஆய்வாளர்கள் நடத்திய அகழாய்வில், பழைய கல்குவாரிக்கு மேலே மண் நிரப்பிப் பயிரிட்ட நிலமும், ஒலிவ மரம், திராட்சைக் கொடி ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன என்பதே அது. சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று யோவான் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் தோட்டத்தில்தான் மரியாள் அழுதுகொண்டு நின்றாள். எதிரில் நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். ஏதேனில் ஆதாமை வைத்த கரங்களின் சொந்தக்காரரை அப்படி எண்ணியதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்களின் சாட்சியை அற்பமாக எண்ணிய காலத்தில், சீடர்களே அவர்கள் பேச்சை வீண்பேச்சு என்று தள்ளிய நிலையில், முதல் தரிசனம் அவளுக்கே கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாதவரை அவள் காதினால் கண்டுகொண்டாள். "மரியாளே" என்ற ஒரு சொல். "ரபூனி", அதாவது போதகரே, என்ற ஒரு பதில்.

தாழ்வாசல் வழியே பின்னோக்கி நடந்து வெளியே வந்தபோது குவிமாடத்தின் உச்சியிலிருந்து வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு கிழக்கு, மேற்கு மரபினர் இருவருக்கும் திருநாள் ஒரே ஞாயிற்றில் வந்திருந்ததால் எல்லோர் முகத்திலும் ஒரே பண்டிகை. தைலக் கல்லின் அருகே, கைக்குட்டையை எண்ணெயில் தோய்த்துக் கல்லில் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அரபுப் பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, "அல் மசீஹ் காம்" என்றார். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று பொருள். வழிகாட்டி சொல்லித் தந்திருந்த மறுமொழி எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் தொண்டை அடைத்துக்கொள்ள, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார், பாட்டி" என்று தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்தது. மணக்கும் அந்தக் கைக்குட்டையை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.