சுமைதாங்கிக் கல்லில் ஒரு பெயர் தேடுகிறேன்

எங்கள் ஊர் மண்பாதை தார்ச்சாலையில் ஏறும் இடத்தில், புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கி நின்றிருந்தது. இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். ஏறக்குறைய என் தோள் உயரம். கிராம சுகாதார செவிலியராக 28 வருடம் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். தடுப்பூசிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு எத்தனையோ முறை மூச்சு வாங்கியிருக்கிறேன்.

அது யாருக்காக வைத்த கல் என்று சொன்னது புல்லுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி. "வயித்துப் புள்ளையோட செத்தவளுக்கு வெச்சது தாயி. அவ சுமையை இறக்காமலே போயிட்டா. போறவங்க வர்றவங்க இதுல சுமையை இறக்கினா, அவளுக்கு இறங்கின மாதிரி."

சொல்லிக்கொண்டே தலையைக் கல்லோடு ஒட்டிக் கட்டை அப்படியே நகர்த்தினார். சும்மாடு மட்டும் தலையில் நின்றது. தலைச்சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும், கட்டைக் கீழே போட்டால் மறுபடி தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். ஆளில்லாத வழியில் அந்த ஆள் இந்தக் கல்தான். விறகு, நெல், தயிர்ப்பானை என்று எல்லாமே தலையில் போன காலத்தில் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் இது தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சுமைதாங்கியோடு கேணியும், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் சேர்ந்தே இருக்கும். கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பேர். ஆலுவாவுக்கும் அங்கமாலிக்கும் நடுவில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. நம் பக்கத்தில் காவேரிப்பாக்கம் அருகே சுமைதாங்கி என்றே ஊர் உண்டு.

பாட்டி சொன்னதைக் கேட்ட பிறகு அந்தக் கல்லில் பெட்டியை வைக்க எனக்குக் கை கூசியது. அப்புறம் யோசித்தேன், வைப்பதுதானே அவளுக்கு வேண்டியது!

என் வேலையில் மனசை அறுக்கும் ஒன்று உண்டு. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பெற்று 42 நாளுக்குள்ளோ ஒரு தாய் இறந்தால் அது தாய்மரணம். அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, முதல் வலி எப்போது வந்தது, எப்போது கிளம்பினார்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் எப்போது பார்த்தார்கள் என்று நேரம் நேரமாகக் கேட்டு எழுத வேண்டும். கிளம்பத் தாமதமா, வழியில் தாமதமா, போன இடத்தில் தாமதமா என்று பார்ப்போம். நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒன்று உதிரப்போக்கு, ஒன்று வலிப்பு. இரண்டு பெண்களின் முகமும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்திய சராசரி 97. இரும்புச்சத்து மாத்திரை, செவ்வாய்க்கிழமை செக்கப், ராத்திரியிலும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், 2008-இல் வந்த 108 வண்டி, எல்லாம் சேர்ந்துதான் இவ்வளவு தூரம் வந்தோம். இவை ஒன்றும் இல்லாத காலத்தில் அவளுக்கு யார் நேரம் குறித்தார்கள்? அவள் வீட்டார் ஒரு கல்லை நட்டார்கள். அவள் செத்ததற்கு இருக்கும் ஒரே பதிவு அதுதான். ராஜா போன வழிக்கும் போர் நடந்த இடத்துக்கும் பலகை வைக்கிறோம். பிரசவத்தில் செத்த ஒரு சாதாரணப் பெண்ணுக்கு நம் ஊர்ச் சாலையோரத்தில் வேறென்ன இருக்கிறது?

சாலையை அகலப்படுத்தியபோது புளியமரம் போனது. கல்லைப் புரட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற வருடம் அது. மழையில் பாதி புதைந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர்ப் பையன்கள் நாலு பேர், ஒரு ஜேசிபி டிரைவர், அரை நாள் வேலை. இப்போது அங்கன்வாடிச் சுவரோரம் நிற்கிறது. பலகைக் கல்லின் ஒரு மூலை உடைந்துபோனதுதான் வருத்தம்.

நிறுத்தும்போதுதான் கவனித்தோம், பலகையின் முன்விளிம்பில் எழுத்து இருந்தது. ஈரத்துணியால் துடைத்துக் கோலமாவைத் தேய்த்தேன். சாயங்காலம் இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. 'சம்சாரம்' தெளிவாக இருக்கிறது. 'ஞாபகார்த்தம்' இருக்கிறது. நடுவில் அவள் பெயர். அதில் 'ம்மாள்' மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. யாருடைய சம்சாரம் என்ற இடம் உடைந்த மூலையோடு போய்விட்டது.

கீழத்தெருவில் ஒரு பெரியவர், "எங்க தாத்தாவோட மொத சம்சாரம் அப்படித்தான் போனதா சொல்வாங்க" என்கிறார். பெயர் அவருக்கு நினைவில்லை. பரணில் பழைய பத்திரக்கட்டு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை இறக்கிவைக்கிறேன் என்றிருக்கிறார். மூக்குக்கண்ணாடியும் நோட்டும் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.