ஸ்ப்ரே கஞ்சியும் என் கறுப்புச் சுங்குடியும்

அம்மா வடிகஞ்சியை வடிகட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி, சேலையை முக்கிப் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போடுவாள். எங்கள் வீட்டில் குக்கர் சோறுதான், வடிகஞ்சிக்கு எங்கே போவது? அதனால் கடையில் ஸ்ப்ரே கஞ்சி பாட்டில் வாங்கினேன்.

முதல் நாளே சொதப்பல். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கறுப்புச் சுங்குடிமேல் அடித்த கையோடு இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன். பெட்டி இழுத்துக்கொண்டு நின்றது. சேலை முழுக்கப் பொடுகு கொட்டிய மாதிரி வெள்ளைச் செதில். கஞ்சி நூலுக்குள் இறங்காமல் மேலேயே இருந்தால் சூட்டில் வெந்து இப்படித்தான் உதிரும்.

இப்போது ஒரு சாண் தள்ளிப் பிடித்து லேசாக அடிக்கிறேன். சுருட்டி ஐந்து நிமிடம் வைத்து, அப்புறம்தான் தேய்ப்பது. அடர்நிறச் சேலை என்றால் உள்பக்கம் மட்டும். பட்டுக்குக் கிட்டேயே கொண்டுபோவதில்லை.

பாட்டில் தீர்ந்ததும் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஒரு ஸ்பூன் சோளமாவைப் (கார்ன்ஃப்ளார்) பச்சைத்தண்ணீரில் கரைத்து, அரை லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ப்ரே வாய் அடைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் புளித்த வாடை வந்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய வேட்டிக்கு அடித்த பிறகுதான் கவனித்தேன். பாவம், அதைக் கட்டிக்கொண்டே கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார்.