நீல பார்டர் போட்டால் கறுப்பு வெளுக்கும்

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்குக் கலர் சேர்ப்பதுதான் என் வேலை. உடலுக்கு என்ன நிறம், பார்டருக்கும் முந்திக்கும் என்ன நிறம் என்று முடிவு செய்து நூலைச் சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டும். டிசைன் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், நிறங்களை வட்டமாக அடுக்கிய வண்ணச் சக்கரத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு. நெசவாளர்கள் சிரிப்பார்கள். அரக்குச் சேலைக்குப் பச்சை பார்டரைக் கோர்வையில், அதாவது தனி நூலில் நெய்து உடலோடு கோக்கும் முறையில், சேர்க்க அவர்களுக்குச் சக்கரமா வேண்டும்?

ஆனாலும் சக்கரத்தை நான் ஒதுக்கமாட்டேன். கடைகளிலிருந்து ஒரு புகார் அடிக்கடி வரும்: “கறுப்பு சரியாக ஏறவில்லை, செம்பட்டை அடிக்கிறது.” பெரும்பாலும் அது நீல பார்டர் போட்ட சேலையாக இருக்கும். வெள்ளைக் காகிதத்தில் ஓட்டை போட்டு, பார்டரை மறைத்து, கறுப்பை மட்டும் காட்டுவேன். சத்தம் அடங்கிவிடும். நீலத்தைப் பார்க்கிற கண், அதன் எதிர்நிறமான ஆரஞ்சைப் பக்கத்துக் கறுப்பின்மேல் தானாகவே கொஞ்சம் பூசிவிடுகிறது.

பாரிஸின் கோப்லான் நெசவாலையிலும் கறுப்புச் சாயத்தைப் பற்றி இதே புலம்பல்தான். 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரோல், அந்தக் கறுப்பை மற்ற பட்டறைகளின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. 1839-இல் இதையே பெரிய புத்தகமாக எழுதினார். திட்டு வாங்கியே பழகிய எங்கள் சாயக்காரர்கள் அவருக்கு ஒரு மாலை போடலாம்.

எதிர்நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், நடுவில் ஒரு ஜரிகைக் கோடு ஓடினால் கண் கூசாது. அதே சிவப்பை நீளவாட்டு நூலான பாவிலும் பச்சையைக் குறுக்கு நூலான ஊடையிலும் போட்டால் கதை வேறு. இழைகள் பொடிசு என்பதால் தூரத்தில் இரண்டும் கலந்து பழுப்பாகத் தெரியும். மயில்கழுத்து நிறத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. நீலமும் பச்சையும் சக்கரத்தில் அக்கம்பக்கம், கலந்தாலும் துலக்கம் போகாது. சிவப்பு-பச்சைக் கலவையிலும் மடிப்பு திரும்பும்போது ஒவ்வொரு நிறமாகத் தலைகாட்டும், அந்தப் பழுப்புக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு.

இப்போது பெரிய தலைவலி வாட்ஸ்அப். போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியை வைத்துத்தான் எல்லா நிறத்தையும் காட்டுகிறது. எங்கள் வாடாமல்லி அதில் நீலம் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஆர்டர் கொடுப்பவருக்குச் சாயம் ஏற்றிய நூலில் ஒரு முழம் கூரியரில் அனுப்புகிறேன். பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சரி என்று அவர் சொன்ன பிறகுதான் அப்புறம் பாவு ஓட்டுவது.